பாவு முடியும் வரை

எங்கள் வீட்டில் காலண்டர் மாட்டியிருப்பது ராகு காலம் பார்க்க மட்டும்தான். மற்ற எல்லாவற்றுக்கும் பாவுதான் கணக்கு. தறியில் ஒரு பாவு ஏற்றினால், அதில் நீட்டிக் கட்டிய பட்டு இழையெல்லாம் புடவையாகி இறங்க ஒரு மாதம் பிடிக்கும். நான் பிறந்தது அரக்குப் பாவில், பெரியப்பா போய்ச் சேர்ந்தது மாம்பழ மஞ்சள் பாவில் என்றுதான் அம்மா சொல்வாள். ஆரணியில் நெசவுக்காரர்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டருக்கும் இந்தப் பேச்சு அத்துபடி. கால் எரிச்சல் என்று போன அப்பாவுக்கு ஒரு கேப்ஸ்யூலை எழுதிக் கொடுத்து, "இந்தப் பாவு முடியற வரைக்கும் போடுங்க, முடிஞ்சதும் வந்து காட்டுங்க" என்றாராம். ஒரு மாதம் என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம், மகராசன்.

எரிச்சல் என்னவோ அடங்கியது. ஆனால் புடவைக் கரையைத் திரும்பிப் பார்க்காமலே நெய்கிற என் அப்பா ஜெகநாதன், ஊடை இழையைக் கொண்டுபோகும் நாடாவில் எதைப் போட்டோம், எதைப் போடவில்லை என்று தடுமாற ஆரம்பித்தார். ஒரு முழம் நெய்வார், தப்பைக் கண்டுபிடித்து முக்கால் முழம் பிரிப்பார். பாவு இழுத்துக்கொண்டே போனது. பாவு இழுக்க இழுக்கக் கேப்ஸ்யூலும் தொடர்ந்தது. கேப்ஸ்யூல் தொடரத் தொடர நினைவு இன்னும் தடுமாறியது. மருந்துக் கடைக்காரர் கேட்ட அட்டையையெல்லாம் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். தீபாவளிக்கு முன்னால் ஏற்றிய பாவு பொங்கலுக்கும் தறியை விட்டு இறங்கவில்லை.

பொங்கலுக்கு நான் வீட்டுக்கு வந்தேன். "எப்பம்மா வந்த?" என்று அப்பா இலை முன்னால் உட்கார்ந்து கேட்டார். கை கழுவிவிட்டு வந்து மறுபடி அதையே கேட்டார். "வயசாவுதில்ல" என்று அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நெய்யும்போது காலை இறக்கி உட்காரும் தறிக்குழியில், அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கும் மாடத்தில் கேப்ஸ்யூல் அட்டைகள் அடுக்கியிருந்தன. ஒன்றைத் திருப்பிப் பெயரைப் படித்தேன்.

பெங்களூரில் என் பிழைப்பே அந்த மருந்தோடுதான். எலியின் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி உண்டு, நமக்கும் உண்டு. இன்று பார்த்தது நாளைக்கும் மனதில் நிற்க வேண்டுமென்றால் அது வேலை செய்தாக வேண்டும். அதன் மெல்லிய சீவலை உயிரோடு வைத்து, ஒரு நரம்பணு அடுத்ததிடம் பேசுவதைப் பதிவு செய்கிறேன். இரண்டுக்கும் நடுவே சின்ன இடைவெளி. செய்தி வந்ததும் முதல் நரம்பின் நுனியில் கதவுகள் திறக்கும், கால்சியம் உள்ளே பாயும். அது பாய்ந்தால்தான் நுனியிலுள்ள ரசாயனம் வெளியேறி அடுத்த நரம்பைத் தட்டி எழுப்பும். திரும்பத் திரும்பத் தட்டினால் அந்த வழி பலப்பட்டு நினைவாகத் தங்கும். இந்தக் கேப்ஸ்யூல் அந்தக் கதவுகளை நுனிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் துணைப் பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. கதவு குறைகிறது, பேச்சும் குறைகிறது. காலில் எரிச்சல் அடங்கியது அதனால்தான். ஆனால் ஊரிலிருக்கும் எல்லாக் கதவையும் சாத்தும் மருந்துக்குக் கால் எது, நினைவு எது என்று தெரியாது.

இதை அப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீ எலி டாக்டரும்மா. அவரு மனுஷன் டாக்டரு. பாவு முடியற வரைக்கும்னு சொல்லிகீறாரு."

"அவர் ஒரு மாசத்தை நினைச்சுச் சொன்னாருப்பா!"

"பாவுன்னுதான சொன்னாரு?"

சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அம்மா இடையில் வந்தாள். "கால்சியம்னா பால்ல கீறதுதான? வேணும்னா ரெண்டு டம்ளர் சேத்துக் குடுக்கறேன்."

இருவரையும் எதிரே உட்காரவைத்துச் சொன்னேன். "பால் ஒண்ணும் பண்ணாது. கேப்ஸ்யூலைத் திடீர்னும் நிறுத்தக்கூடாது. இவ்வளவு நாள் சாத்தி வெச்ச கதவெல்லாம் ஒரேயடியா திறந்துக்கும், வலிப்பு வந்துடும். கொஞ்சங்கொஞ்சமாதான் குறைக்கணும். வேலூர்ல நரம்பு டாக்டர்கிட்ட நாள் வாங்கியிருக்கேன்."

அம்மா தலையாட்டினாள். அப்பாவும் தலையாட்டினார், நான் சொன்னதை அப்படியே திருப்பியும் சொன்னார். "பாவு முடியட்டும், வந்துர்றேன்" என்று முடித்தார். அன்று சாயங்காலம், "வேலூர்ல யாருக்கு என்ன?" என்று கேட்டார்.

பெங்களூர் திரும்பினேன். சீவலில் மருந்தை ஊற்றிவிட்டுத் திரையைப் பார்ப்பேன். துள்ளிக்கொண்டிருந்த கோடு மெல்ல மெல்லத் தணியும். முன்பெல்லாம் அது எனக்கு நல்ல முடிவு, டீ குடிக்கப் போவேன். இப்போது அப்பா ஞாபகம் வந்து எழுந்து நிற்கவும் தோன்றவில்லை. மருந்தைக் கழுவிவிடும்போது கோடு ஏறுகிற வேகம் இன்னும் பயமாயிருந்தது.

வேலூர் போகும் நாளுக்கு முந்தின நாள் காலையில் அம்மா போன் செய்தாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"பாவு முடிஞ்சிட்ச்சி சுகன்யா!"

"எப்படிம்மா? அவர்தான் பிரிச்சிகினே இருந்தாரே?"

அம்மா குரலைத் தணித்துக்கொண்டாள். "அவரு சாப்பிட்டுத் தூங்கறப்பல்லாம் நான் குழியில எறங்கி நெய்வேன். எழுந்து வந்து பாத்துட்டு, தானே நெய்ஞ்சதுன்னு நெனச்சிக்குவாரு. ஞாபகம் இருந்தாதானே? பாவு ஜல்தி முடிஞ்சா, நீ சொன்ன மாதிரி கொறைக்க ஆரம்பிச்சிடலாம்னுதான்."

அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. அவர் மறதியை வைத்தே அவரை மீட்கப் பார்த்திருக்கிறாள்.

"கெட்டிக்காரிம்மா நீ. எப்ப முடிஞ்சது?"

"வெள்ளிக்கெழம. நான் பொடவைய குடுக்கப் போயிருந்தேன். அதுக்குள்ள குழியெல்லாம் கூட்டிச் சுத்தம் பண்ணி, தறிக்குக் கற்பூரம் காட்டிட்டாரு. மொகம்கூட தெளிஞ்சி கீது. பழைய ஆளாட்டம் பேசறாரு. கால் எரிச்சல்தான் திரும்பிட்ச்சி, தூக்கமில்ல. கை அப்பப்ப உதறுது."

ஒரு பாவு முடிந்தால் அதன் இழை ஒன்றுகூடத் தறியில் மிஞ்சக்கூடாது என்பது அப்பாவின் வழக்கம். குழியிலும் மாடத்திலும் கிடப்பதையெல்லாம் வழித்துக் கொட்டிவிட்டுத்தான் கற்பூரம் ஏற்றுவார். இன்றைக்குத் திங்கள்.

"கேப்ஸ்யூல் போடறாராம்மா?"

"தினம் கேக்கறனே. போட்டேன்னுதான் சொல்றாரு."

"நீ பாத்தியா?"

"அவரு சொன்னாரு."

"அம்மா, போய் மாடத்தைப் பாரு."

கொலுசுச் சத்தம் போனது, நின்றது, திரும்பி வந்தது.

"ஒண்ணுமில்ல சுகன்யா. தொடச்சி வெச்சாப்ல கீது." குரல் இறங்கியிருந்தது. "பொய்யா சொல்லியிருப்பாரு?"

"பொய் இல்லம்மா. போட்டதாவே நெனச்சிகினு கீறாரு." சித்தப்பாவின் எண்ணைத் தேடிக்கொண்டே சொன்னேன். "கேளு, இப்பவே ஆட்டோ கூப்பிடு. நேரா ஆஸ்பத்திரிக்குப் போ. சித்தப்பாவுக்கு நான் போன் பண்றேன். அப்பா எங்க?"

"பின்கட்டுலதான் பல்லு வெளக்கிகினு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். பிறகு அவள் குரலில் பழைய சந்தோஷம் எட்டிப் பார்த்தது. "தோ, தறிகிட்ட வந்துட்டாரு போல. சத்தம் கேக்குதா? எத்தினி மாசமாச்சி இவ்ளோ வேகமா நெய்ஞ்சி!"

கேட்டது. டக், டக், டக் என்று ஒரே சீராக, மூச்சு விடக்கூட இடைவெளி இல்லாமல். சின்ன வயதில் என்னைத் தூங்கவைத்த சத்தம் அதுதான்.

"அம்மா, புதுப் பாவு ஏத்தியாச்சா?"

"இல்லியே. நாளைக்குத்தான் வருது."

சொன்னவள் போனைக் கீழே வைத்துவிட்டுத் தறிப் பக்கம் ஓடுவது கொலுசில் தெரிந்தது. பாவு இல்லாத தறியின் கட்டையில் கால் உதறி உதறி மோதுகிற சத்தம் போனில் கேட்டுக்கொண்டே இருந்தது.