முச்சந்தியில் வைத்த முட்டை

காலையில் சத்தம் கேட்டுக் காலிதீன் வெளியே வந்தான். முச்சந்தியில் சனம் கூடி நின்றது. நடுவில், நேற்று மாலை மஃரிபுத் தொழுகை நேரம் அவன் வைத்துவிட்டு வந்த முட்டைகளும் உள்ளிப்பூண்டும் அப்படியே கிடந்தன.

நிந்தவூரில் எக்காத்தி என்ற கிரேக்கப் பெண் தெய்வத்தை அவனுக்கு மட்டும்தான் தெரியும். கிரேக்கக் கப்பலில் சமையல் வேலை பார்த்து எழுபத்தொன்பதில் திரும்பியவன் அவன். தன் நாட்டாரே கைவிட்ட பழைய தெய்வங்களைத் தனியாகக் கும்பிட்டு வந்த எஞ்சின்காரன் ஒருவன் அங்கே அவளைச் சொல்லிக்கொடுத்தான். அமாவாசையில் மூன்று பாதை கூடுமிடத்தில் அவளுக்குச் சாப்பாடு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். வழியைக் காக்கிறவள் அவள். புயலில் கப்பல் தப்பிய நாளிலிருந்து காலிதீன் அதை மனதார நம்பினான். இன்னொரு தெய்வத்தைக் கும்பிடுவது வெளியே தெரிந்தால் மார்க்கப்படி நிக்காஹ் முறியும் என்பதும் அவனுக்குத் தெரியும். வீடு அவன் பெண்சாதி முனவ்வறாவின் சீதனம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளையும் பிள்ளையையும் விட்டு வெளியேற வேண்டியவன் அவன்தான்.

ஆனால் முச்சந்தியில் முட்டை கிடந்தால் இந்த ஊர் தெய்வத்தையா நினைக்கும்? செய்வினையைத்தான் நினைக்கும். அந்த மடையனுக்கு அது இன்றுதான் உறைத்தது.

முட்டையைத் தாண்டிப் போன மசூரின் மகனுக்கு இரவே காய்ச்சல். மசூர், முனவ்வறாவின் காக்கா, கூடப்பிறந்த அண்ணன். சந்தியோரம் தனியே அப்பம் சுட்டு விற்கும் சரீபாவின் முடியைப் பிடித்து, யார் சொல்லிச் செய்தாய் என்று உலுக்கிக்கொண்டிருந்தான். அவள் அல்லாஹ் மேல் ஆணையிட்டாள். யாரும் கேட்கவில்லை. ஒருவன் தடியோடு வந்தான்.

காலிதீன் அந்தத் தடியைப் பார்த்தான். சொன்னால் எல்லாம் போகும். சொல்லாவிட்டால் அந்த மனுசியைக் கொன்றுவிடுவார்கள். ஓர் அடி முன்னால் வைத்தான்.

"நான்..."

"நான்தான் காக்கா வெச்ச," என்றாள் பின்னால் வந்து நின்ற முனவ்வறா. "நம்மட புள்ளக்கி கண்ணூறு கழிச்ச முட்ட. அவவ உடுங்க."

மசூர் தங்கச்சியின் கன்னத்தில் அறைந்தான். இனி தன் வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனான். சரீபா முடியை அள்ளி முடிந்துகொண்டு அழுதாள். சனம் கலைந்தது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் காலிதீனுக்கு மூச்சு வந்தது. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான். மாதாமாதம் அமாவாசைக்கு முட்டை குறைவதைக் காணாமல் எந்தப் பெண் குசினியில் அடுப்பெரிப்பாள் என்றாள். அவள் கன்னம் வீங்கியிருந்தது. தனக்காக அடி வாங்கியவளிடம் எதையும் ஒளிக்கக் கூடாது என்று நினைத்தான். எல்லாவற்றையும் சொல்லிவிட வாயைத் திறந்தான்.

அவள் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள்.

"ஆருக்கு வெச்ச எண்டு மட்டும் எனக்குச் சொல்லிராதீங்க. தெரிஞ்சா, நான் உங்களோட இரிக்க ஏலா."