நெற்றியில் ஒரு காலியிடம்

காளிச்சாமி கட்ட வேண்டிய பாக்கி நாற்பத்தோராயிரத்து முந்நூற்று அறுபது ரூபாய் என்பது, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவர் நெற்றியிலேயே அச்சாகி வந்திருந்தது. சூலூரில் அவருக்குக் கடன் கொடுத்த பைனான்ஸ் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கும் சண்முகப்பிரியா, முந்தின நாள்தான் கடன் வாங்கியவர்களுக்கு அனுப்பும் அறிக்கையின் தலைப்பை மாற்றியிருந்தாள். எல்லோருக்கும் பொதுவாகக் ‘கடன் விவரம்’ என்றிருந்த இடத்தில், அவரவர் பெயரும் பாக்கியும் கணக்கிலிருந்து தானாக வந்து உட்காரும்படி செய்தாள். தலைப்பில் உட்கார்ந்தது தலையிலும் உட்கார்ந்தது. கடன் வாங்கிய அத்தனை பேருக்கும் அப்படித்தான். வட்டி ஏறும் நாளில் நெற்றியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், எண் மாறிவிடும். மளிகைக் கடைக்காரர்கள் அதைப் பார்த்தே சாமான் கொடுத்தார்கள். ஊர் பழகிக்கொண்டது.

பயம் வந்தது, அங்கே கடன் வாங்கியிருந்த மெர்சி செத்த பிறகு. கடன் வாங்கியவர் இறந்தால் பாக்கியைத் தள்ளுபடி செய்வது ஆபீஸ் வழக்கம். அதற்காகத் தலைப்பில் ‘இறந்த தேதி’ என்பதையும் சேர்த்தார்கள். மெர்சியின் தலைப்பில் தேதி வந்தது. உயிரோடிருந்தவர்கள் நெற்றியில் அந்த இரண்டு சொல்லும், பக்கத்தில் காலியிடமும் வந்தன. அடுத்த வாரம் யாரோ கை தவறி, லட்சுமணசாமியின் கணக்கில் வரப்போகிற வெள்ளிக்கிழமைத் தேதியை அடித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் நூல் மூட்டையைத் தூக்கிய லட்சுமணசாமி அப்படியே சாய்ந்து செத்துப்போனார்.

காளிச்சாமி ஐம்பது வயதுக்குமேல் மாலை வகுப்பில் எழுத்துக் கற்றவர். அடுத்தவர் நெற்றியை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார். தன்னுடையது கண்ணாடியில் இடவலம் மாறித் தெரிவதால் ஒன்றும் பிடிபடாது. எழுத்தே அறியாத அவர் மனைவி சின்னாத்தாள், விடிந்ததும் விரலால் தடவிப் பார்த்து, “காலியாத்தான் இருக்குதுங்க மாமா” என்பாள். அப்புறம்தான் பாயை விட்டு எழுந்திருப்பார். சோறு இறங்கவில்லை. தறி வேலைக்குப் போவதும் நின்றது.

கடைசியில் ஆபீசுக்கே போய் நின்றார். அந்த இடத்தை எடுத்துவிடச் சொன்னார், மேனேஜர் விடமாட்டார் என்றாள் சண்முகப்பிரியா. அப்படியானால் பிப்ரவரி முப்பது என்று போடச் சொன்னார். அந்தத் தேதியைக் கம்ப்யூட்டர் வாங்கவில்லை. அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

“நேத்து என்னங்ணா பண்ணுனீங்க?”

“ஊட்டுல படுத்துக் கெடந்தனுங்க அம்மணி.”

“சாகலீங்களே?”

“இல்லீங்க.”

“அப்ப நேத்துத் தேதியவே போட்டுடறனுங்க. அது தாண்டிப்போச்சு.”

அடித்தாள். நெற்றியில் ஊர்ந்தது. காளிச்சாமி மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்க மூடினார். மூச்சு வந்துகொண்டுதான் இருந்தது. பாக்கி பூஜ்யம், கணக்கு முடிந்தது என்று தாள் வந்தது.

மறுநாள் தறிப்பட்டறைக்குப் போனார். முதலாளி அவர் நெற்றியை நிதானமாகப் படித்துவிட்டு, இறந்தவருக்கு நைட் ஷிப்ட் ஒத்துவருமா என்று கேட்டார். ஒத்துவரும் என்றார் காளிச்சாமி.