கதையும் குரலும் தேவிப்ரியா

மழை இறங்கிவிட்டால் போர்வெல் போடும் ரிக் வண்டிகளுக்கு வேலை இருக்காது. ஒடிசாவில் போர் போட்டுக்கொண்டிருந்த பூபதி, ஏழு மாதம் கழித்து ஜேடர்பாளையத்துக்கு வந்து சேர்ந்தான். முதல் நாள் முழுக்கத் தூங்கினான். இரண்டாம் நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்ததும், கைப்பேசியைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து ஒரு ஆடியோ நாவலை ஓடவிட்டான்.

"கோகிலா, நீயும் கேளு. வண்டியில எட்டுப் பேரும் இதையேதான் கேட்டுக்கிட்டுக் கெடந்தோம். நம்ம ராசு அழுதே போட்டான்."

அவன் மனைவி கோகிலவாணி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். சொம்புப் பக்கமிருந்து ஒரு பெண்குரல் குழைந்து வந்தது. 'பதினோராம் நாள்தான் அவன் வந்தான். கருக்கலைந்து படுத்திருந்தவளிடம் ஒரு நீலச் சேலையை நீட்டிவிட்டு, என்ன குழம்பு என்று கேட்டான்.'

அவள் கையில் கரண்டி அப்படியே நின்றது. அடுத்த வரி என்னவென்று அவளுக்குத் தெரியும். அந்தக் குரலும் அதையேதான் படித்தது.

பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலையையும் பார்த்துக்கொண்டு அவள் இரண்டு வருஷம் எழுதிய நாவல் அது. பதிப்பகங்கள் பதிலே போடாததால் தானே அட்டைப்படம் செய்து, தானே பிழை திருத்தி மின்னூலாக ஏற்றினாள். ஆசைக்குச் சேலத்தில் நூறு பிரதி அச்சடித்தாள். சொந்தக்காரர்களுக்குச் சும்மா கொடுத்தது போக மீதியெல்லாம் பரணில் கிடந்தது. வாங்கிப்போனவர்களிடம் படித்தீர்களா என்று கேட்டால், "எங்கீங்க நேரம்" என்றார்கள். மின்னூல் வந்த இரண்டாம் வாரமே அதை யாரோ பிடிஎஃப் ஆக்கி, காசில்லாமல் படிக்கிற குழுக்களில் சுற்றவிட்டார்கள்.

புத்தகம் வந்த அன்று அட்டையைப் படம் எடுத்துப் பூபதிக்கும் அனுப்பியிருந்தாள். அட்டையில் 'கோகிலா பூபதி' என்று இருந்தது. அவன் ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்பினான். உள்ளே என்ன எழுதியிருக்கிறாய் என்று அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

"அவனெல்லாம் ஒரு மனுசனா?" பூபதி சோற்றைப் பிசைந்தான். "பொண்டாட்டி அப்படிக் கெடக்கறா, கொழம்பு கேக்கறான் பாரு. லாரிக்காரனுங்களே இப்படித்தான். ரிக்குக்காரன் ஒருத்தன் இப்படி இருக்கமாட்டான்."

கதையில் பூபதியை லாரி டிரைவராக மாற்றியவளே அவள்தான். சேலையின் நிறத்தைக்கூட மாற்றத் தோன்றவில்லை. ஆனாலும் அவனுக்குப் பிடிபடவில்லை.

அவன் கை கழுவப் போன நேரத்தில் கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். 'கதையும் குரலும்: தேவிப்ரியா.' மூன்று லட்சம் பேர் கேட்டிருந்தார்கள். மூன்று லட்சம் பேர் அழுதிருக்கிறார்கள், திட்டியிருக்கிறார்கள், 'உங்க எழுத்துக்கு நான் அடிமை மேடம்' என்று எழுதியிருக்கிறார்கள். அத்தனையும் தேவிப்ரியாவுக்கு.

அன்று சாயங்காலமே தன் மின்னூல் பக்கத்தையும் அட்டைப்படத்தையும் சேர்த்து அந்தப் பெண்ணுக்கு எழுதினாள். மறுநாள் காலை பதில் வந்தது. 'சாரிக்கா. பிடிஎஃப்ல எழுதினவங்க பேரே இல்லைக்கா. அதான் என் பேரைப் போட்டுக்கிட்டேன். எப்படிப் போடணும்னு சொல்லுங்க, உடனே மாத்திடறேன்.'

வாசலில் ஷேவிங் பண்ணிக்கொண்டிருந்த புருசனிடம் ஓடினாள்.

"ஏனுங்க, நேத்துக் கேட்டீங்களே, அது நான் எழுதுன கதைங்க. பேரு போடறேன்னு சொல்லிருச்சு அந்தப் புள்ள."

பூபதி சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. பாதிக் கன்னத்தில் நுரையோடு அவளையே பார்த்தான்.

"அப்ப அந்த நீலச் சேலை..."

"ஆமாங்க."

"அந்த ஆளு நானா?"

அவன் துண்டால் நுரையைத் துடைத்தான்.

"பேரு கீரு ஒண்ணும் வேண்டாம். அந்தப் புள்ள பேரே இருந்துட்டுப் போகட்டும்."

"அது என்ற கதைங்க."

"உன்ற கதைதான், ஆரு இல்லைன்னா? இப்ப உனக்கென்ன கொறைஞ்சுபோச்சு? எட்டுப் பேரும் வண்டியில உக்காந்து அந்த ஆளைச் செருப்பால அடிக்கோணும்னு பேசிக்கிட்டிருந்தோம். நான்தான் மொதல்ல சொன்னேன். நாளைக்கு அந்த வண்டியில நான் எப்படி ஏர்றது?"

"உங்க பேரை எடுத்தர்றேன். என் பேரு மட்டும்."

"ராசு நம்மூட்டுல சோறு தின்னுருக்கான். உன்ற பேரு அவனுக்குத் தெரியாதா?" குரலைத் தாழ்த்திக் கேட்டான். "கடைசியில அந்த ஆளு என்ன பண்றான்?"

"அவகிட்ட மன்னிப்புக் கேக்கறான். அழறான்."

அந்த அத்தியாயத்தை எழுதத்தான் அவளுக்கு அதிக நாளானது. மற்றதெல்லாம் நடந்தது. அது நடக்கவில்லை.

பூபதியின் முகம் தெளிந்தது. "அதான் கேட்டுட்டான்ல. அப்புறம் என்ன?"

கோகிலவாணி உள்ளே போய் அந்தப் பெண்ணுக்கு 'கோகிலா பூபதி' என்று அடித்தாள். பூபதியை அழித்தாள். 'கோகிலவாணி' என்று முழுசாக அடித்து அனுப்பிவிட்டு, வெளியே வந்து அவனிடமும் சொன்னாள். அவன் மத்தியானம் சாப்பிட வரவில்லை.

மூன்று மணிக்குப் பேர் மாறியது. கதை: கோகிலவாணி. தன் பேரை அவள் தொட்டுப் பார்த்தாள். அதன் கீழே ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன.

'யாருங்க இந்தக் கோகிலவாணி? எங்க தேவி மேடம் கதையைத் திருடிட்டாங்களா?'

'சொந்தமா எழுத வக்கில்லாதவங்க இப்படித்தான்.'

'மேடம், நாங்க உங்க பக்கம்.'

'தேவி மேடம்' எதற்கும் பதில் சொல்லவில்லை. கை கூப்பிய பொம்மையை மட்டும் ஒவ்வொன்றுக்கும் கீழே போட்டுக்கொண்டே வந்தாள்.

அடுத்த அறையில் பூபதியும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். கைப்பேசியோடு எழுந்து வந்தான். காலையிலிருந்து இறுகியிருந்த முகம் இப்போது இளகியிருந்தது.

"பாத்தியா? ஒருத்தனும் நம்பல," என்றான். "நல்லதாப்போச்சு விடு. சோத்தைப் போடு, பசிக்குது."

"அடுப்படியிலதான் இருக்குது. போட்டுக்கங்க," என்றாள் கோகிலவாணி. அவன் போட்டுக்கொண்டு சாப்பிட்டான்.