கருங்கண்ணிப் பூ

தரகர் செல்லத்துரை மஞ்சள் பையிலிருந்து எடுத்து நீட்டிய பொட்டலத்தில் கல்யாணப் பட்டின் மாதிரித் துண்டு ஏதாவது இருக்கும் என்றுதான் ராஜமணி நினைத்தாள். பிரித்தால் அரை கஜம் சந்தன நிறச் சாட்டின் துணி. அதன் மடிப்புக்குள் பதினோரு கண்டு பட்டு நூல். இளமஞ்சளில் தொடங்கி, எலுமிச்சை, மாம்பழம், ரோஸ் என்று ஏறி, கடைசிக் கண்டு கறுப்புதானோ என்று ஐயப்படும்படியான கருஞ்சிவப்பில் போய் நின்றது. பக்கத்தில் நின்ற அப்பா பூவனநாதன் நூலைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ரோசாப்பூ ஒன்று, பனித்துளி ஒன்றுதான் குறை என்கிற மாதிரி, பட்டு நூலில் பூத்திருந்தது.

"மாப்பிள்ளையோட அம்மா கொடுத்துவிட்டாவ அண்ணாச்சி. அந்த ரோசாப்பூவைப் பாத்ததுலருந்து அவியளுக்கு வேற பேச்சே இல்ல. அதே மாதிரி ஒரு பருத்திப்பூ போடச் சொல்லுதாவ. நம்ம கருங்கண்ணிப் பூ. பஞ்சு யாவாரக் குடும்பம் பாருங்க, மணமேடைக்குப் பின்னால மாட்டணுமாம். தை மூணாம் வெள்ளிக்கு அவியளே வாராவ. பாப்பா நாலு தையல் போடுததைப் பக்கத்துல உக்காந்து பாக்கணும்னு ஆசைப்படுதாவ."

செல்லத்துரை காப்பியை ஆற்றிக் குடித்துவிட்டு, வந்த வேலை முடிந்த திருப்தியில் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார். வீட்டில் மூன்று பேர் நின்றார்கள். மூன்று பேருக்கும் தெரியும், அந்த ரோசாப்பூவில் ராஜமணியின் கை படவே இல்லை என்று. தூத்துக்குடிக்குச் சரக்கு ஏற்றப் போன இடத்தில், கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு விற்பனையில் பூவனநாதன் வாங்கி வந்தது அது. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா கோமதியம்மாள் அண்ணாந்து பார்த்து, "மக கைவேலையா?" என்று கேட்டார். பூவனநாதன் ஆமாம் என்று சொல்லவில்லை. சிரித்தார்; மகளைத் திரும்பிப் பார்த்தார்; அவ்வளவுதான். மிளகாய் வத்தல் மண்டியில் உட்கார்ந்த இருபத்தைந்து வருஷத்தில் அவர் வாய்திறந்து பொய் சொன்னதாக யாரும் நிரூபித்ததில்லை. எதிராளி தானாக ஒன்றைத் தப்பாக நினைத்துக்கொண்டால் அதைத் திருத்துகிற வழக்கமும் அவரிடம் இல்லை. காப்பித் தட்டோடு நின்ற ராஜமணி பயத்தில் தலையைக் குனிந்தாள். வந்தவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"இப்பவே ஆளனுப்பிச் சொல்லிருவோம். ஒரு வாய் வார்த்தைதானே" என்றாள் அம்மா.

"சொல்லுததுக்குன்னு ஒரு நேரம் உண்டு. அது போயிட்டு. நிச்சயமும் ஆயாச்சு, பத்திரிகையும் அச்சுக்குப் போயாச்சு." விரல் மடக்கிப் பார்த்தார். "முப்பத்தெட்டு நாள் கெடக்கு. ஒரு பூ. படிக்க முடியாதா?"

ராஜமணி நூல் கண்டுகளைத் திரும்பச் சாட்டினுக்குள் மடித்து வைத்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் ஓட்டப்பிடாரத்துச் சம்பந்தம் ஜாதகத்தில் ஏதோ சொல்லி நின்றுபோனது. எழுபத்தாறாம் வருஷம் ஒன்று, எழுபத்தெட்டாம் வருஷம் ஒன்று என்றால், ஊர் ஜாதகத்தைச் சொல்லாது. இந்தத் தடவை காரணமும் கையோடு இருக்கும்: மாதிரி ஒன்று, சரக்கு ஒன்று. அதற்கெல்லாம் மேலே, விருதுநகர் மாப்பிள்ளை சண்முகராஜின் முகம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அவள் தட்டை நீட்டியபோது தம்ளர் சாய்ந்து அவன் வெள்ளைச் சட்டையில் காப்பி தெறித்தது. அவன் சட்டென்று உள்ளங்கையை அந்தக் கறையின் மேல் வைத்து மூடிக்கொண்டான், எல்லோரும் கிளம்பும் வரைக்கும். அந்தக் கையை இழப்பதற்கு அவள் மனசு ஒப்பவில்லை.

மறுநாள் காலையிலேயே சுடலையம்மாள் வீட்டுக்குப் போனாள். எட்டாம் வகுப்பு வரை இருவருக்கும் ஒரே பெஞ்சு. பிறகு சுடலையம்மாள் தூத்துக்குடி போர்டிங்கில் மூன்று வருஷம் எம்பிராய்டரி படித்தாள். அவள் அப்பா லாரியில் அடிபட்டுச் செத்ததும் திரும்பி வந்து, இப்போது வீட்டிலிருந்தபடி தீப்பெட்டிக் கூடு ஒட்டிக்கொண்டிருந்தாள். முன்னால் பசைச் சட்டி. இரு பக்கமும் ஒட்டி முடித்த கூடுகள் இடுப்பு உயரத்துக்கு. கதையைக் கேட்டு முடிக்கும் வரை அவள் கை நிற்கவில்லை.

"உங்க அப்பா மூட்டைக்கு மேல நல்ல வத்தலும் அடியில சோடையும் வைப்பாவன்னு ஊரே சொல்லும். மகளையும் அப்பிடியே கட்டி அனுப்புதாவளா?"

ராஜமணிக்குச் சுருக்கென்றது. எழுந்துவிடலாமா என்று நினைத்தாள். எழுந்து எங்கே போவது? கோவில்பட்டியில் இந்த வேலை தெரிந்த இன்னொரு ஆளை அவளுக்குத் தெரியாது.

"நீயே போட்டுத் தந்தா என்னட்டி?"

சுடலையம்மாள் கையைத் துடைத்துவிட்டு ஒரு நூலை எடுத்து விரலில் ஓட்டினாள். ஒரு சாண் கூடப் போகவில்லை, நூல் அவள் விரல் நுனியில் சிக்கிப் பஞ்சாகப் பிரிந்தது. பசையில் கலந்த மயில்துத்தம் அவள் விரல்களை அரித்து, தோலெல்லாம் வெடித்துக் கிடந்தது.

"பாத்துக்கோ. பட்டுக்கு என்னைய ஆகாது இப்ப. போட்டுத் தந்தாலும் அவிய முன்னால உக்காந்து குத்தப்போறது யாரு, நானா? நான் வாயால சொல்லுதேன், நீ கையால செய்யி. நம்ம ரெண்டு பேரையும் சேத்தாத்தான் ஒரு ஆளு."

அப்படித்தான் பாடம் தொடங்கியது. சாட்டினில் ஊசி குத்திப் பிரித்தால் துளை அப்படியே நின்றுவிடும் என்பதால், முதலில் அப்பாவின் பழைய வேட்டித் துணி. மர வளையத்தில் துணியை இறுக்கினால் தட்டும்போது உடுக்கைச் சத்தம் வர வேண்டும். நூலைப் பிரித்து ஒற்றை இழைதான் கோக்க வேண்டும். இதழின் ஓரத்தில் தொடங்கி ஒரு தையல் நீளம், ஒரு தையல் குட்டை, பால்பல்லும் முளைத்த பல்லுமாகப் பிள்ளையின் வாய் மாதிரி. அடுத்த நிறம் வரும்போது, முன்வரிசைத் தையலின் முனையைப் பிளந்துகொண்டு ஊசி மேலே வர வேண்டும். எல்லா இழையும் பூவின் தொண்டையைப் பார்த்தே சாய வேண்டும். சொல்லும்போது சுடலையம்மாளின் கண் இவள் ஊசியிலும் கை தன் கூட்டிலுமாக இருக்கும். தப்பு விழுந்தால், "பிரி" என்பாள். ஒரு நாளைக்கு ஆயிரம் கூடு ஒட்டினால் முப்பது பிரி.

பத்து நாள் போயிற்று. ராஜமணியின் இடது கை ஆள்காட்டி விரல் நுனி வீங்கி, தண்ணீர் பட்டாலே எரிந்தது. தையல் நேராக வந்தது. நூல் சுருளாமல் வந்தது. பூ மட்டும் வரவில்லை. வெளிர் மஞ்சள் ஒரு பட்டை, அதற்குள் எலுமிச்சை ஒரு பட்டை, அதற்குள் மாம்பழம் ஒரு பட்டை என்று வேலி போட்ட மாதிரி தனித்தனியாக நின்றன.

"என்னட்டி இது, பூவா, கொலுப்படியா?"

ராஜமணிக்கும் தெரிந்தது. ஆனால் கை ஒப்பவில்லை. பத்து வயசிலிருந்து மண்டிப் பெண்களோடு உட்கார்ந்து வத்தலை நிறம் பார்த்துப் பிரித்தவள் அவள். சிவப்பில் எட்டு ரகம் அவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். ஒரு குவியலில் அடுத்த ரகம் ஒரு கைப்பிடி விழுந்தால், அப்பா வாயே திறக்காமல் அந்தக் குவியலைக் காலால் தள்ளுவார், திரும்ப முதலிலிருந்து பிரிக்க வேண்டும். அவருடைய மூட்டையைப் பற்றி ஊர் என்ன சொன்னாலும் குவியலில் அவர் கறார். அந்தக் காலுக்குப் பயந்து பழகிய கை, மஞ்சளுக்குள் ரோஸைக் கொண்டுபோய்ச் செருகுவதற்கு முன் தானாக நின்றுவிடும். வரிசையின் விளிம்பைத் தெரியாமலே சமன் செய்துவிடும்.

"ஒண்ணுக்குள்ள ஒண்ணை விடுட்டி."

"விடத்தான் பாக்கேன். வரமாட்டேங்கு."

"கலப்படம் பண்ணுட்டி!" என்று சுடலையம்மாள் கத்தினாள். அடுத்த வீட்டில் முறத்தில் புடைக்கிற சத்தம் நின்றது. "உங்க அப்பா பேரைச் சொல்லிக் கலப்படம் பண்ணு!"

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ராஜமணிக்கு அழுகை வந்தது. மிச்சம் இருபத்தேழு நாள்.

அந்த வாரமே அம்மாவைக் கூட்டிக்கொண்டு இடைசெவல் பஸ்ஸில் போய், தெரிந்தவர்கள் புஞ்சையில் நாலு பூவும், விரியக் காத்திருந்த இரண்டு மொட்டும் பறித்து வந்தாள். கரிசலில் அப்போதுதான் பருத்தி பூக்கத் தொடங்கியிருந்தது. பூவைச் செம்புத் தண்ணீரில் போட்டு வைத்துப் பார்த்துப் பார்த்துத் தைத்தாள். காலையில் பசுமஞ்சளாக இருந்த இதழ், வெயில் சாயச் சாய ஓரத்தில் சிவந்து, பொழுது இறங்கும்போது வேறொரு பூவாகி நின்றது. அவளுக்குப் பகீர் என்றது. எந்தப் பூவைப் போடச் சொன்னார்கள்? காலைப் பூவையா, சாயங்காலப் பூவையா? செம்பைத் தூக்கிக்கொண்டு சுடலையம்மாளிடம் ஓடினாள்.

"ரெண்டும் வேண்டாம். நடுவுல எப்பவோ ஒரு நேரம் உண்டுல்லா, மஞ்சளும் இல்லாம செவப்பும் இல்லாம. அதைப் போடு."

அந்த நேரத்தைப் பிடிக்க, மறுநாள் மொட்டு விரிந்ததிலிருந்து ராஜமணி பகல் முழுக்கச் செம்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எந்த நிமிஷத்திலும் நிறம் மாறுவதைப் பார்க்க முடியவில்லை, மாறியிருந்தது. பிறகு ஊசியை எடுத்தாள். வேட்டித் துணியில் அந்த இதழ் முடிந்தபோது, மஞ்சள் எங்கே முடிந்தது, ரோஸ் எங்கே தொடங்கியது என்று போட்டவளுக்கே சொல்லத் தெரியவில்லை. சுடலையம்மாள் குனிந்து பார்த்தாள். பிரி என்று சொல்லவில்லை.

சாட்டினில் ஏற்றும்போது மிச்சம் இருபது நாள். அப்பா தினமும் மண்டிக்குப் போகுமுன் ஒரு தரம், வந்த பின் ஒரு தரம் வளையத்தை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். "நல்லாத்தானே இருக்கு" என்பார். பிறகு சுவரைப் பார்ப்பார். அந்த ரோசாப்பூவைக் கழற்றிவிடலாம் என்று அம்மா சொன்னதற்கு, கழற்றினால் சுவரில் சதுரமாக வெள்ளை தெரியும், அது கேட்காத கேள்வியைக் கேட்க வைக்கும் என்றார்.

மூன்றாம் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கோமதியம்மாள் வந்தார், கூடச் செல்லத்துரை. நாலு இதழ் முடிந்திருந்தது. ஐந்தாவது பாதி. நாற்காலியை விட்டுவிட்டுப் பாயில் உட்கார்ந்து, "காப்பி பொறவு குடிக்கலாம்" என்று சொல்லிக் கோமதியம்மாள் கையை நீட்டினார். வளையத்தை வாங்கியதும் முதலில் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் முன்புறம். அப்புறம் தலையைத் தூக்கிச் சுவரை வெகுநேரம் பார்த்தார்.

"ரோசாப்பூ எப்பப் போட்டது தாயி?"

"போன வருசம்" என்றார் பூவனநாதன், வாசல் நிலையைப் பிடித்தபடி. சிரிப்பை வைத்துச் சமாளிக்கக்கூடிய கேள்வியாக அது இல்லை.

"ஒரு வருசத்துல கை இம்புட்டு எறங்கிட்டே." சந்தை நிலவரம் கேட்கிற குரல்தான் அது. குத்தல் எதுவும் தெரியவில்லை. செல்லத்துரை சிரிக்கத் தொடங்கி, அதை இருமலாக்கிக்கொண்டார்.

ராஜமணியின் நாக்கில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது: கல்யாண வேலை, அவசரம், வெளிச்சம் போதவில்லை. அது போதும். இன்றைய நாள் ஓடிவிடும். ஆனால் நாத்தனார் கல்யாணத்துக்கு ஒரு ரோசாப்பூ கேட்பார்கள். பிள்ளை பிறந்தால் ஒன்று, புது வீட்டுக்கு ஒன்று. யாரோ ஒருத்தியின் விரலை வாழ்நாள் முழுக்கத் தன் கையில் மாட்டிக்கொண்டு திரிய வேண்டும்.

"அது நான் போட்டதில்ல அத்தை. வெலைக்கு வாங்கினது. இதுதான் நான் போட்டது."

அடுக்களையில் ஒரு தம்ளர் உருண்டு ஓடி, எதிலோ முட்டி நின்றது.

"அக்கா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..." என்று பூவனநாதன் தொடங்கினார். கோமதியம்மாள் திரும்பாமலே உள்ளங்கையை உயர்த்தினார். அவர் நிறுத்திவிட்டார்.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"சுடலையம்மா. என்கூடப் படிச்சவ. தீப்பெட்டி ஒட்டுதா."

"எத்தனை நாளா?"

"முப்பத்தெட்டு."

கோமதியம்மாள் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, முந்தானையில் துடைத்து, மெதுவாக மாட்டிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. யாவாரக் குடும்பத்து முகம். வளையத்தை ராஜமணியின் மடியில் திரும்ப வைத்தார்.

"அஞ்சாவது எதழு பாதில நிக்கே. போடு, பாப்போம்."

மன்னித்தாரா, இல்லை, கடைசிச் சோதனையா? அப்பாவைப் பார்த்தால் தெரியும் என்று ராஜமணி நினைத்தாள், பார்க்கவில்லை. ரோஸ் இழையைக் கோத்தாள். மூன்றாவது தடவையில்தான் ஊசிக் காதுக்குள் போயிற்று. கையைத் துணிக்கு அடியில் கொண்டுபோனாள். கோமதியம்மாள் நகர்ந்து, தோளோடு தோள் இடிக்கும்படி குனிந்தார். இரண்டு தலைகளின் நிழலும் சேர்ந்து பூவின் மேல் விழுந்தது. அடியிலிருந்து ஊசி முட்டிய இடத்தில் சாட்டின் ஒரு எள்ளளவு புடைத்தது, அமுங்கியது, ஒரு நூல் தள்ளி மறுபடி புடைத்தது. மஞ்சள் தையலின் முனை எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு, இன்னும் மேலே வராமல் ஊசி அங்கேயே நின்றது.