டோஃபுவுக்குள் இருந்தது

"மணி என்ன, பிள்ளை?" என்று கேட்டாள் பூரணி.

"பதினொன்று இருபத்திரண்டு, மாமி. இப்பதானே கேட்டனீங்கள்."

"கேட்டால் சொல்லன். வாய் தேய்ஞ்சு போகாது," என்றாள் கமலராணி மகளைப் பார்த்து.

பதினாறு வயது நிரோஜினி கண்ணை உருட்டிவிட்டுப் புதுச் சப்பாத்துப் பெட்டியைத் திறந்து பார்த்து மூடினாள். மேசையின் நடுவில் பூரணியின் கைபேசி கிடந்தது. சறுக்கி விழுந்துவிடக் கூடாதென்று காகிதத் துண்டொன்றை நான்காக மடித்து அதற்கு மெத்தை போட்டிருந்தாள் பூரணி. யாராவது மேசையை இடித்துக்கொண்டு போனால் அவள் கை தானாக நீண்டு அதைப் பொத்தியது.

சனிக்கிழமைகளில் பதினொன்றரைக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் அந்தக் கைபேசி அடிக்கும். ஊரில் அப்போது பின்னேரம் மூன்று மணி. பூரணியின் தங்கை கோசலை, தடுப்பு முகாமில் இருக்கும் ஜனகனைப் பார்க்கப் போகிற நேரம் அது. ஜனகன் பூரணியின் ஒரே மகன். வாசலில் இரக்கமுள்ள காவல்காரன் நின்றால் கோசலை இரண்டு நிமிடத்துக்குக் கைபேசியை அவன் கையில் கொடுப்பாள். இல்லாவிட்டால் வெளியே வந்து, "ஆளைக் கண்டனான், அக்கா, சுகமாத்தான் இருக்கிறான்" என்றாவது சொல்லுவாள். போன சனிக்கிழமை இரண்டுமே நடக்கவில்லை. உள்ளே விடவில்லை, ஏனென்றும் சொல்லவில்லை என்று அன்றிரவு கோசலை அழைத்துச் சொன்னாள். அதைச் சொன்ன குரல் பூரணிக்குப் பிடிக்கவில்லை. ஏழு நாளாக அந்தக் குரல்தான் காதுக்குள் நின்றது.

"லா சப்பலிலையே நிண்டிருக்கலாம்," என்றாள் கமலராணி. "ஒரு பிளேன்ரீ குடிச்சுக்கொண்டு ஆறுதலாக் கதைச்சிருக்கலாம்."

"அங்கை நிண்டு கதைக்கேலாது, ராணி. ரூ பிலிப்-து-ஜிரார் தெருவிலை சுவருக்கும் தமிழ் தெரியும். ஆர் ஆருக்குச் சொல்லுவினம் எண்டு எனக்குத் தெரியுமோ? இஞ்சை ஒருத்தருக்கும் விளங்காது."

அதனால்தான் மகளுக்குச் சப்பாத்து வாங்க வந்த கமலராணியோடு, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலிலிருந்து நாலு ரயில் தரிப்புத் தள்ளி இருக்கும் இந்த மாலுக்கு வந்திருந்தாள் பூரணி. மேல்மாடி முழுக்கச் சாப்பாட்டுக் கடைகள். நடுவில் நூறு மேசைகள். இரைச்சல் என்றால் இரைச்சல், ஆனால் அதற்குள் ஒரு தமிழ்ச் சொல் கிடையாது. அது பூரணிக்குப் பாதுகாப்பாக இருந்தது.

மேலே வரும்போது நகரும் படியில் அவளுக்குத் தலை சுற்றியது. கமலராணி தோளைப் பிடித்திருக்காவிட்டால் பின்னால் நின்ற பிள்ளை வண்டிக்கு மேலே விழுந்திருப்பாள்.

"அண்ணி, நேற்று மத்தியானத்துக்குப் பிறகு என்ன சாப்பிட்டனீங்கள்?"

"தண்ணி."

"தண்ணி சாப்பாடோ? உங்களைக் கொண்டுபோய் ஆசுப்பத்திரியிலை போட்டிட்டு நான் அங்கை காவல் இருக்கோணும். நீங்கள் செத்தால் என்ரை அண்ணர் மேலை இருந்து என்னைத்தான் பேசுவார். நிரோ, போய் மாமிக்கு ஏதும் வாங்கிக்கொண்டு வா. மச்சம் இல்லாததாப் பார்."

மச்சம் கூடாது. மீனோ இறைச்சியோ எதுவானாலும் கூடாது. இரண்டாயிரத்தொன்பது மே மாதம் சோதனைச் சாவடியில் ஜனகனை வரிசையிலிருந்து பிரித்து வேறு பக்கம் நிறுத்தினார்கள். அந்த இடத்திலேயே, கையில் இருந்த பையைக்கூடக் கீழே வைக்காமல், வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தாள் பூரணி. பிள்ளை வெளியில் வரும்வரைக்கும் மச்சம் தொடமாட்டேன் என்று. இரண்டு வருடமும் ஒரு மாதமும் ஆகிவிட்டது. பிரான்சுக்கு வந்து அவள் முதலில் பாடமாக்கிய பிரெஞ்சுச் சொற்கள் வணக்கமும் நன்றியும் அல்ல. புவாசோன், பூலே, பெஃப், க்ரெவெத்: மீன், கோழி, மாடு, இறால். கடையில் பெட்டிகளைத் திருப்பித் திருப்பி அந்தச் சொற்களைத் தேடுவாள்.

நிரோஜினி ஒரு தட்டோடு திரும்பி வந்தாள். மூலையில் இருந்த சீனக் கடையில் வாங்கியது. பொன்னிறமாகப் பொரித்த நாலு சதுரங்கள். நடுவில் கீறி உள்ளே எதையோ அடைத்து, மேலே கறுத்த சாறும் வெங்காயத் தாளும் போட்டிருந்தது.

"இதென்ன?"

"டோஃபு, மாமி. சொஜாவிலை செய்யிறது."

"சோயா," என்றாள் கமலராணி. "ஊரிலை சோயா மீற் சாப்பிடேல்லையே. அதின்ரை பெரிய தமக்கை மாதிரி. சுத்த சைவம். சாப்பிடுங்கோ."

சோயா மீற் பூரணிக்குத் தெரியும். சாவடிக்கு அந்தப் பக்கத்து முகாமிலும் அதைத்தான் சமைத்துப் போட்டார்கள். பெயரில்தான் மீற் இருக்கும், வெள்ளிக்கிழமையிலும் சாப்பிடலாம். அவள் யோசிக்கவில்லை. முள்ளுக்கரண்டியால் ஒரு சதுரத்தைப் பிட்டு வாயில் வைத்தாள்.

வெளித்தோல் மெல்லமாக நொறுங்கியது. உள்ளே கட்டித்தயிர் போல வழுக்கிக்கொண்டு போனது. அதற்கும் உள்ளே இருந்தது கொஞ்சம் இறுக்கமாக, இனிப்பும் உப்புமாக, பல்லுக்கு வேலை கொடுத்தது. முதல் துண்டைப் பசிக்குச் சாப்பிட்டாள். இரண்டாவதைச் சாப்பிடும்போது கண்ணை மூடினாள். இரண்டு வருடமாக அவளுக்குச் சாப்பாடென்றால் விழுங்குகிற காரியம். இன்றைக்கு நாக்கு விழித்துக்கொண்டது. மூன்றாவது துண்டைச் சாற்றில் புரட்டி எடுத்தாள்.

"இப்ப முகத்திலை ரத்தம் வந்திருக்கு," என்றாள் கமலராணி. "இனிமேல் சனிக்கிழமை எண்டால் சீனன் கடைதான். எனக்கும் ஒண்டு தாங்கோவன், நீங்களே எல்லாத்தையும் முடிக்கிறியள்."

"எடு, எடு."

கமலராணி நாலாவதைக் கடித்தாள். ஒரு தடவை மென்றாள். மெல்லுவதை நிறுத்தினாள். பிறகு அவசரமாக விழுங்கிவிட்டுத் தண்ணீரை எடுத்தாள்.

"என்ன?"

"ஒண்டுமில்லை. சூடு."

"ஆறிப் போச்செல்லோ."

கமலராணி மகளைப் பார்த்தாள். நிரோஜினி எழும்பினாள். ஒருவரும் போகச் சொல்லவில்லை, ஆனால் போனாள். கடைக்காரப் பெண் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னாள். பிள்ளை திரும்பி வந்து தாயின் காதுக்குள் பிரெஞ்சில் குசுகுசுத்தாள். நீளமான வசனம். அதில் ஒரே ஒரு சொல்தான் பூரணிக்கு விளங்கியது.

க்ரெவெத்.

கைபேசியில் மணி பதினொன்று நாற்பது.

"இறால் அரைச்சு வைச்சிருக்கு," என்றாள் பூரணி. "அப்பிடித்தானே?"

நிரோஜினி தலையாட்டினாள்.

"மாமி, டோஃபு எண்டால் வெஜேதாரியான் எண்டு நினைச்சன். எல்லாரும் அப்பிடித்தான்… நான் கேக்கேல்லை." நிரோஜினியின் தமிழ் பாதியில் தடுக்கி விழுந்தது, மிச்சத்தைப் பிரெஞ்சில் சொல்லி அழத் தொடங்கினாள்.

"நீ அழாதை. அண்ணி, இஞ்சை பாருங்கோ. தெரியாமல் திண்டது குற்றமில்லை. எந்தக் கோயிலிலையும் கேளுங்கோ, இதைத்தான் சொல்லுவினம்."

"தெரிஞ்சு தின்னமாட்டன் எண்டு நான் அம்மனுக்குச் சொல்லேல்லை, ராணி. தின்னமாட்டன் எண்டுதான் சொன்னனான்."

"அவவுக்கு விளங்கும்."

"விளங்கும். அதுதான் பயம்."

பூரணி இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். தொண்டைக்குள் விரலை விட்டு எடுத்துவிடலாம், ஆனால் கழிப்பறை கீழ்த்தளத்தில். கைபேசியைக் கொண்டுபோனால் அங்கே சிக்னல் இருக்குமோ தெரியாது. விட்டுவிட்டுப் போக மனமில்லை. வயிற்றுக்குள் இறாலும் மேசையில் கைபேசியுமாக அவள் நடுவில் மாட்டிக்கொண்டாள்.

"அண்ணி, மூச்சு விடுங்கோ."

"நான் முல்லைத்தீவுக்காரி," என்றாள் பூரணி மெதுவாக. "பிறந்த நாள் தொடக்கம் இறால் திண்டு வளந்தனான். என்ரை நாக்குக்கு இறால் தெரியாதோ?"

"என்ன சொல்லுறியள்?"

"முதல் துண்டிலையே அதுக்குத் தெரிஞ்சிருக்கு. அதுதான் அப்பிடி ருசிச்சது. எனக்குச் சொல்லாமல் அது மற்ற ரெண்டையும் திண்டிருக்கு. இதைத் தெரியாமல் திண்டது எண்டு எப்பிடி நான் அவவிட்டைச் சொல்லுறது?"

கமலராணி தண்ணீரை அவள் பக்கம் தள்ளி வைத்தாள்.

பதினொன்று நாற்பத்தைந்து. பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் பிறந்தநாள் பாட்டுப் பாடிக் கைதட்டியது. பதினொன்று ஐம்பது. இப்போது காவல்காரன் வேண்டாமென்று தலையாட்டுவான். இப்போது கோசலை வாசலில் நின்று கெஞ்சுவாள். இப்போது ஆரோ பட்டியலைப் பார்த்து, அப்படி ஒரு பெயர் இங்கே இல்லை என்று சொல்லுவான். மூன்று துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தண்டனையாக அவள் மனம் நடத்திக் காட்டியது. கமலராணி மகளின் கண்ணைத் துடைத்துவிட்டாள். பூரணியால் அந்தப் பிள்ளையைப் பார்க்க முடியவில்லை. பார்த்தால் என்ன சொல்லிவிடுவோமோ என்று தன் வாய்க்கும் பயந்தாள்.

பதினொன்று ஐம்பத்துநாலுக்குக் கைபேசி அடித்தது.

காகித மெத்தைக்கு மேலே அது அதிர்ந்து நகர்ந்தது. கோசலையின் இலக்கம். பூரணி தொடையின் கீழிருந்து கையை எடுக்கவில்லை.

"எடுங்கோ."

"நீ எடு."

"உங்கடை பிள்ளை, அண்ணி."

"எடுத்தால்தானே சொல்லுவினம். எடுக்காட்டி ஒண்டும் நடக்கேல்லை."

ஐந்து முறை அடித்து நின்றுவிட்டது. நின்ற பிறகுதான் தான் செய்தது என்னவென்று பூரணிக்கு உறைத்தது. இரண்டு நிமிடம் தருவார்கள். அதில் அரை நிமிடத்தை அவள் அடிக்கவிட்டுத் தொலைத்துவிட்டாள். மறுபடியும் அடித்தது. இந்த முறை தட்டை ஒதுக்கித் தள்ளிவிட்டுக் கைபேசியைப் பிடித்து எடுத்தாள்.

"அக்கா, எங்கை போயிட்டாய்? கெதியா, கெதியா. இந்தா, ஆள் நிக்கிறார்."

சரசரவென்று ஒரு சத்தம். பிறகு,

"அம்மா."

"தம்பி. ராசா. சுகமோ?"

"ஓம். நீங்கள் சுகமோ? குரல் ஒரு மாதிரி இருக்கு."

"இல்லை, இஞ்சை இரைச்சல். போன கிழமை ஏனடா…"

"அதை விடுங்கோ." அவன் குரலைத் தாழ்த்தினான். பின்னால் ஆரோ இருமினார்கள். "சாப்பிட்டியளோ?"

எப்போதும் கேட்கிற கேள்விதான். எப்போதும் ஓம் என்று சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போவாள். இன்றைக்கு அந்த ஓமை அவளால் சொல்ல முடியவில்லை.

"தம்பி, நான் மச்சம் திண்டிட்டன். தெரியாமல். சோயா எண்டு நினைச்சு. உள்ளுக்கை இறால் வைச்சிருந்தவை. உனக்கு வைச்ச நேத்தி, இண்டைக்குப் பார்த்து…"

அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதென்று நினைத்தாள்.

"இறாலோ?" என்றான் ஜனகன். "எப்பிடி இருந்தது?"

"என்னடா?"

"சொல்லுங்கோ, அம்மா. எப்பிடி இருந்தது?"

"பிள்ளை, நான் என்ன சொல்லுறன், நீ என்ன கேக்கிறாய்?"

"நேரம் போகுது. சொல்லுங்கோ."

அவள் சொன்னாள். முதலில் திக்கித் திக்கி. பொரிச்ச தோல், மெல்லிசு, அப்பளம் மாதிரி. உள்ளுக்கை பச்சைப்பிள்ளையின்ரை கன்னம் மாதிரி வழுக்கும். அதுக்குள்ளை இறால், நல்லா அரைச்சிருக்கு, அங்கை ஒண்டு இஞ்சை ஒண்டு பல்லிலை கடிபடும். மேலை கறுத்த சாறு. இல்லை, புளிப்பில்லை, இனிப்பு. காரம் காணாது, நீ எண்டால் மிளகாய்த்தூள் கேப்பாய். அவன் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"எத்தினை துண்டு திண்டனீங்கள்?"

"மூண்டு."

"காணும், அது போதும்," என்றான். அவன் சிரித்தது போலிருந்தது. "அதுக்குப் பேர் என்ன?"

"டோஃபு எண்டு சொல்லுறாள். முழுப்பேர் தெரியாது. கேட்டு அடுத்த சனி சொல்லுறன்."

"அம்மா." இப்போது சிரிப்பு இல்லை. "திங்கக்கிழமை எங்களிலை கொஞ்சப் பேரை பஸ்ஸிலை ஏத்துவினமாம். விடத்தான் எண்டு சிலர் சொல்லுறாங்கள். வேறை இடத்துக்கு எண்டும் சொல்லுறாங்கள். பேர் வாசிச்சவங்கள். என்ரை பேரும்…"

அறுந்துவிட்டது.

பூரணி கைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பிறகு கோசலையின் இலக்கத்தைத் திரும்ப அழைத்துப் பார்த்தாள். சிங்களத்தில் ஒரு பெண் எதையோ பணிவாகச் சொன்னாள். இன்னொருமுறை அழைத்தாள். அதே பெண்.

"என்னவாம்?" என்றாள் கமலராணி.

"திங்கக்கிழமை ஏத்துவினமாம்."

"எங்கை?"

"தெரியாது. விடுவினம் எண்டும் கதை. இல்லையெண்டும் கதை."

கமலராணி அவள் கையைப் பிடித்தாள். விடுவார்களென்று சொல்ல வாயெடுத்து, பூரணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். தட்டில் அவள் கடித்து வைத்த பாதித் துண்டு சாற்றில் ஊறிக் கிடந்தது. அதைக் குப்பையில் போட எடுத்தாள்.

"நில்," என்றாள் பூரணி. "நிரோ, இஞ்சை வா."

சிவந்த மூக்கோடு பிள்ளை பக்கத்தில் வந்தாள். பூரணி இப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதைக் கொண்டுபோய் அவவுக்குக் காட்டி, இதின்ரை முழுப்பேர் என்ன எண்டு கேள். ஒரு துண்டிலை எழுதி வாங்கு. தமிழிலை எப்பிடிச் சொல்லுறது எண்டும் எனக்குச் சொல்லித் தா."

"ஏன், மாமி?"

"அடுத்த சனி தம்பி கேப்பான்."

நிரோஜினி தட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். கடைக்குமுன் வரிசை நீண்டிருந்தது. மத்தியானப் பசிக்காரர்கள் வந்துவிட்டார்கள். பிள்ளை கடைசி ஆளாகப் போய் நின்றாள். பூரணி அவளுடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசை ஓரடி நகர்ந்தது. சனிக்கிழமை இன்னும் பாதி மிச்சம், பிறகு ஞாயிறு.