மிருதுச்செடிக்குச் சேர்த்த தண்ணீர்

அந்தக் கோடையில் எங்கள் தெருவில் உயிரோடு இருந்தது, இலை மணக்கும் ஒரே ஒரு மிருதுச்செடி. கடலின் உப்பு ஆற்றில் ஏறிவந்து, இராக்கில் எங்கள் பஸ்ராவின் பேரீச்ச மரங்களையே மொட்டையடித்த வருஷம் அது. எங்கள் செடி பிழைத்தது அப்பா ஸஹ்ரூனால்தான். லாரியில் வரும் குடிதண்ணீரில் தன் பங்கில் பாதியை அதன் வேருக்கு ஊற்றிவிடுவார். அம்மா இல்லாத எங்களையும் அவர் குறையில்லாமல்தான் வளர்த்தார். ஆனாலும் எனக்கு அந்தச் செடிமேல் கொஞ்சம் பொறாமை உண்டு.

நாங்கள் மந்தேயர்கள், ஓடும் ஆற்றைப் புனிதமாகக் கொண்ட சிறிய மதத்தார். குழந்தையை ஆற்றில் முழுக்கும்போதும், கல்யாணத்தின்போதும் மிருதுக்கிளையில் பின்னிய சின்ன வளையம் தலைக்கு வேண்டும். சாகும்போதும் வேண்டும். செத்த பிறகு வைத்தால் செல்லாது. மூச்சு இருக்கும்போதே ஆற்றுத் தண்ணீரில் குளிப்பாட்டி, வெள்ளை உடுத்தி, வளையம் சூட்டிவிட வேண்டும். இல்லையென்றால் உயிர் வழி தெரியாமல் அல்லாடும். என் சித்தப்பா போர்முனையில் அப்படித்தான் போனார். அதே மாதம் அப்பா கொல்லையில் இந்தச் செடியை நட்டார். இனி இந்த வீட்டிலிருந்து யாரும் வெறுந்தலையோடு போகக்கூடாது என்றாராம்.

ஆகஸ்டில் அப்பா படுத்துவிட்டார். புற்று ஈரல் முழுக்கப் பரவிவிட்டது, வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

"லமீயா, ஒரு கிளை வெட்டிட்டு வாம்மா. நேரம் வந்துடுச்சு."

"என்ன நேரம்? ஞாயித்துக்கிழமை எழுந்து உக்காந்து என் சமையலக் குறை சொல்லப் போறீங்க."

"அதுக்கு எதுக்கு ஞாயித்துக்கிழமை வரைக்கும்? இப்பவே சொல்றேனே."

நான் சிரித்து மழுப்பிவிட்டு வெளியே வந்தேன். மறுநாள் காலையில் கேட்டார். மத்தியானமும் கேட்டார். அப்போதுதான் என் வாயில் சனி புகுந்தது.

"செடி பட்டுப்போச்சுப்பா. உப்பு."

அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "வேர் வரைக்குமா?" என்றார்.

"தெரியல."

"வேர்ல உயிர் இருக்கும். லேசுல சாகாது அது."

கொல்லையில் செடி பச்சைப் பசேலென்று நின்றது. அதைப் பார்த்துவிட்டு வந்த தம்பி சப்தி, சமையலறையில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? நம்ம குரு ஷேக் வெள்ளை உடுப்பக்கூடக் குடுத்தனுப்பிட்டார்."

"வெட்டினா அவர் போயிடுவார்டா."

"வெட்டலன்னா இருந்துடுவாரா?"

நான் பாத்திரம் தேய்த்தேன். ஏற்கெனவே தேய்த்த பாத்திரம்தான்.

பொய் சொன்ன மூன்றாம் நாள் அப்பாவின் உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. நோய்தான் உள்ளே எரிக்கிறது என்று நினைத்தேன். அறையைக் கூட்டும்போது கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஜாடி தட்டுப்பட்டது. மேலே துணி போட்டு மூடியிருந்தது. திறந்தேன். விளிம்புவரை தண்ணீர். மூன்று நாளாக நான் குடிக்கக் கொடுத்த தண்ணீர்.

"திட்டாதே," என்றார் அப்பா. குரல் காற்றாக வந்தது. "ரெண்டு வாய் குடிச்சேன். மிச்சம் செடிக்கு. கொண்டுபோய் வேர்ல ஊத்து. துளிர்த்துடும்."

ஐம்பது டிகிரி வெயிலில், நாக்கு ஒட்டிக்கொள்ளும் அந்தத் தாகத்தில், என் பொய்க்காக அவர் தண்ணீர் சேர்த்திருக்கிறார். என்னைப் போன்ற பாவி இந்த ஆற்றங்கரையில் பிறந்திருக்க மாட்டாள். கத்தரிக்கோலைத் தேடக்கூடப் பொறுமையில்லை. ஓடிப்போய்க் கையாலேயே கிளையை முறித்தேன்.

இலையைக் கசக்கி அவர் மூக்கருகே வைத்தேன். கண்ணை மூடி இழுத்து முகர்ந்தார். பிறகு கட்டிலோரம் இருந்த ஜாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தண்ணிய இன்னும் ஊத்தவே இல்லையே. அதுக்குள்ள துளிர்த்துடுச்சா?"

"பொய் சொன்னேன்ப்பா. அது நல்லாத்தான் இருக்கு."

கோபிப்பார் என்று காத்திருந்தேன். கோபித்திருந்தால் தேவலை.

"அப்ப," என்றார், "அந்தத் தண்ணிய நான் குடிக்கலாமா?"

தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒரு குவளை முழுக்கக் குடித்தார். இன்னும் அரைக் குவளை குடித்தார்.

சப்தி ஆட்களை அழைத்துக்கொண்டு ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தான். அவர்கள் குளிப்பாட்டி உடுத்தும்வரை நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்து வளையம் பின்னினேன். உள்ளே கொண்டுபோனதும், நாற்பது வருஷம் வெள்ளி வேலை செய்த கையால் அப்பா அதைத் தடவிப் பார்த்தார். "முடிச்சு தொளதொளன்னு இருக்கு," என்றார். அவிழ்த்து இறுக்கிக் கட்டினேன். சூட்டியபோது மூச்சு இருந்தது. அதற்குப் பிறகும் ஒரு மணிநேரம் இருந்தது.

போனவருக்காக எங்களில் அழக்கூடாது. அழுத கண்ணீர் ஆறாகிப் போகிறவர் வழியை மறிக்கும் என்பார்கள். நான் ஏற்கெனவே அவர் வழியை மூன்று நாள் மறித்தவள். ஜாடியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். கிளை முறிந்த இடம் ஈரமாக இருந்தது. அப்பா சேர்த்துவைத்ததில் மிச்சமிருந்ததை ஒரு சொட்டு விடாமல் அதன் வேரில் ஊற்றினேன்.