உப்பு விசாரணை

1938ஆம் வருஷம் பங்குனியில், திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு தருமவான் ஏழைகளுக்காகக் கட்டிவிட்டுப் போன விடுதியில் ஒருத்தியைத் தவிர எல்லோரும் தரையை விட்டு மேலே கிளம்பிவிட்டார்கள். முழ உயரத்தில் சிலர், ஆள் உயரத்தில் சிலர். மேனேஜர் உடையப்பன் அவர்கள் காலில் கயிறு போட்டு, முற்றத்தில் ஆளுக்கொரு அம்மிக்கல்லில் கட்டிவைத்தார்.

காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. உப்புத் தின்றவனுக்குத்தான் ரோசம் வரும் என்று ஊரே சொல்கிறது. தர்மக் கஞ்சி குடிக்கிறவனுக்கு ரோசம் எதற்கு என்று உடையப்பன் இரண்டு வருஷமாகக் கஞ்சியில் உப்பே போடவில்லை. ரோசம் போயிற்று. கூடவே கனமும் போகும் என்று அந்த மகாபுத்திசாலிக்குத் தோன்றவில்லை. பொன்னுத்தாய் மட்டும் தரையில் நடந்தாள். புருஷன் குழந்தைசாமி மேலே போன நாளிலிருந்து அவள் அழுத கண்ணீரெல்லாம் வாய்க்குள்தான் இறங்கியது. அந்த உப்பு அவளுக்குப் போதுமாக இருந்தது. மனுஷரை மாடு மாதிரிக் கட்டுகிறார்கள் என்று புதுக்கோட்டைக்கு நடந்தே போய்ப் புகார் சொன்னாள்.

விசாரிக்க வந்தவர் ஆத்மநாதன். நல்ல மனிதர், பசிதான் பொறுக்கமாட்டார். அதிகாரி வந்தால் முதலில் இலை, பிறகுதான் விசாரணை. யார் காலத்து வழக்கமோ! வடை, சாம்பார், மாங்காய் ஊறுகாய் என்று வயிறு முட்டச் சாப்பிட்டார். கயிறுகளையும் பார்த்தார். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்யலாமா? கட்டியிருப்பது அவர்கள் நன்மைக்கே என்று எழுதிவிட்டு வண்டி ஏறினார்.

பொன்னுத்தாய் மறுபடி நடந்தாள். ஆத்மநாதனும் சித்திரை வெயிலில் மறுபடி வந்தார். அதற்குள் குழந்தைசாமியின் கயிறு நைந்து ஒற்றைப் புரியில் நின்றது. அது அற்றால் ஆள் போனது போனதுதான். இலையில் உட்காரப் போனவரைப் பொன்னுத்தாய் மறித்தாள்.

"தின்ன வீட்டுக்குத் துரோகம் பண்ண மாட்டீங்க, சரி. ஆனா இங்க உப்புன்னு வாரது எங்க பேருக்குத்தானுங்க வருது. போன தடவ நீங்க தின்ன ஊறுகாயில எங்க உப்புத்தான் இருந்துச்சு. அப்ப நீங்க யாரு வீட்டுல சாப்பிட்டீங்க?"

ஆத்மநாதனுக்குச் சுருக்கென்றது. வெட்கத்தில் காது சிவந்துவிட்டது.

"ஐயா, இங்கிட்டு உக்காருங்க, சோறு ஆறுது" என்றார் உடையப்பன்.

"ஆறட்டும்" என்றார் ஆத்மநாதன். இலை ஓரத்தில் முதலில் வைத்திருந்த உப்பை வழித்துப் பொன்னுத்தாயின் கையில் போட்டார். பிறகு பட்டினியாகவே முற்றத்தில் உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி எழுதினார்.

அந்த மாதமே உடையப்பனின் வேலை போயிற்று. கஞ்சிக்கு உப்பு வந்தது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். சோலையப்பன் என்பவர் மட்டும் மேலே காற்று நன்றாக வருகிறது என்று உப்பை மறுத்துவிட்டார். சரி, இருக்கட்டும் என்று கஞ்சியை அவருக்குக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தார்கள்.

முதலில் இறங்கியவர் குழந்தைசாமி, அதுவும் ஆத்மநாதன் எழுதிய அன்றைக்கே. பொன்னுத்தாய் அவரைக் கயிறு அறாமல் மெல்ல இழுத்து, கையிலிருந்த இலை உப்பை வாயில் வைத்தாள். உச்சிப்பொழுதுக்கு அவருடைய பாதம் முற்றத்துக் கல்லைத் தொட்டது.

"ஏ, தரை சுடுதுடி!" என்று, மேலே போன பிறகு முதல் தடவையாக அவர் வாய் திறந்தார்.

"சுடட்டுங்க" என்று அவர் காலைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அழுதாள் பொன்னுத்தாய். "நல்லாச் சுடட்டும்."